குடியிருப்பவர் யார்?

அத்தியாயம் 14

போன வாரம் சின்னவளைத் தபால் பெட்டி முன்னால் நிறுத்திவிட்டுப் போனோம். வீட்டு வரி அலுவலகத்துக்கு அவள் எழுதிய விண்ணப்பம் பெட்டிக்குள் விழுந்ததா, கைப்பைக்கே திரும்பிவிட்டதா என்று கேட்டவர்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம். விழுந்தது. இந்த வாரத்துக் கூத்தெல்லாம் அது விழுந்ததால் வந்தது.

நடுவில் வந்து உட்காருபவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. அப்பா போன பிறகு வீடு பெரியவன், சின்னவள் இருவர் பேரிலும் சரிபாதியாக இருக்கிறது. அதில் குடியிருப்பது சின்னவள் ஒருத்திதான். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். வீட்டு முன்னறைதான் அவளுடைய பட்டறை. பெரியவன் நகரத்தின் மறுகோடியில், பெண்டாட்டி பேரில் உள்ள அடுக்குமாடி வீட்டில் சொகுசாக இருக்கிறான்.

சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்கு வீட்டு வரியில் விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டதும், பெரியவன் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டில் தான் ஒருவன் மட்டுமே குடியிருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். வரி மிச்சமாவதெல்லாம் அவனுக்குச் சுண்டைக்காய். அவனைத் தவிர அங்கே யாரும் குடியில்லை என்று அரசாங்கக் காகிதம் ஒன்று கைக்கு வந்தால், அதை வைத்தே வீட்டுக்கு விலை பேசலாம், தங்கையையும் கிளப்பலாம். அவன் கண் அங்கேதான் இருந்தது. அதைப் புரிந்துகொண்டுதான் சின்னவள், ‘என் பாதிக்கு விலக்கு வேண்டும், இங்கே குடியிருப்பவள் நான்’ என்று தன் பங்குக்கு ஒரு விண்ணப்பத்தைப் போட்டாள்.

ஒரே வீடு, இரண்டு விண்ணப்பம், ஒன்றுக்கொன்று நேர் எதிர். அலுவலகம் சும்மா இருக்குமா? நேரில் பார்க்க வருகிறோம் என்று இருவருக்கும் தனித்தனியாகத் தகவல் போனது. தனக்கு வந்ததை இருவருமே மற்றவரிடம் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான்.

அன்று காலையில் ஒரு முதியவருக்குப் புதுப் பல்செட்டை மாட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் சின்னவள் பல் மருத்துவமனைக்குப் போயிருந்தாள். அவருக்குக் கீழ்ப் பல் இறுக்கிப் பிடித்தது. தேய்த்துச் சரிசெய்து கொடுத்துவிட்டு, அதிகாரி வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டுமே என்று ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

கதவைத் திறந்தவளுக்குத் தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றியது.

முன்னறையில் அவளுடைய வேலை மேஜை இல்லை. தேய்க்கிற மோட்டார் இல்லை. அலமாரியில் வரிசையாக வாயைத் திறந்துகொண்டிருக்கும் பல் அச்சுகளில் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறக் கம்பளம் விரித்திருந்தது. கம்பளத்தின் மேல் ஒரு கண்ணாடி மேஜை, அதன் மேல் ஒரு கிண்ணம் நிறையப் பிளாஸ்டிக் ஆப்பிள். சுவரில் எந்த ஊர் என்றே தெரியாத ஒரு கடற்கரைப் படம். படுக்கையறையில் அவளுடைய போர்வை போன இடம் தெரியவில்லை. கட்டிலில் வெள்ளை வெளேரென்று புது விரிப்பு, ஒருவர் தலைக்கு எதற்கு என்று தெரியாத ஆறு தலையணைகள்.

அண்ணன்காரனின் தொழிலைச் சொன்னால்தான் இது விளங்கும். விற்பனைக்கு வருகிற வீடுகளை வாங்க வருபவர்களுக்காக அலங்கரித்துக் கொடுப்பவன் அவன். வீட்டுக்காரருடைய பழைய துண்டு, மருந்து டப்பா, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் ஒளித்துவிட்டுத் தன் கோடவுனில் இருந்து சாமான்களைக் கொண்டுவந்து பரப்புவான். வாங்க வருபவர் கண்ணில் விற்பவரின் பல் பிரஷ்கூடப் படக் கூடாது என்பது அவன் வேதம். சின்னவள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் ஷோரூம்.

இப்போது அந்த மகானுபாவன், தான் குடியிருப்பதாகக் காட்ட வேண்டிய வீட்டை, கைப் பழக்கத்தில், விற்பனைக்கு வந்த வீடாக ஆக்கி வைத்திருந்தான். புளுகினாலும் பொருந்தப் புளுக வேண்டும் என்பார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்கும் வழியில்லாதவன்.

அவனே சமையலறையில் இருந்து வெளியே வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, வெளியே கிளம்புகிற மாதிரி வாசனை. கூட அண்ணி. வழக்கம்போல் ஓரமாக, வழக்கம்போல் வாயைத் திறக்காமல்.

அண்ணியைப் பற்றிச் சின்னவளுக்கு உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளாகப் புருஷன் போடுகிற தாளத்துக்குத் தலையாட்டுகிறவள் என்பதுதான் அவள் கணக்கு. அண்ணன் செய்வது அயோக்கியத்தனம் என்றால், அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பதற்கு என்ன பெயர்? ஷோரூமில் ஒரு பொம்மையும் வேண்டுமல்லவா என்று அவள் பலமுறை நினைத்ததுண்டு.

“நீ எங்க இங்க? ஆஸ்பத்திரி வேலை அதுக்குள்ள முடிஞ்சுடுச்சா?” என்றான் பெரியவன்.

“என் சாமான் எங்க?”

கோடவுனில் பத்திரமாக இருக்கிறது, சாயந்தரமே வந்துவிடும் என்றான். ஒரு பெரிய மனுஷி வீட்டைப் பார்க்க வருகிறாள், எடுத்ததும் அலமாரி நிறையப் பல்லைப் பார்த்தால் பயந்துவிட மாட்டாளா என்று நியாயம் வேறு கேட்டான். கடைசியில் குரலைத் தணித்து, யாராவது கேட்டால் ஊரில் இருந்து வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடு, மற்றதை அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்றான். தன் சொந்த வீட்டில் விருந்தாளியாக இருக்கச் சொல்லி ஒருவன் கெஞ்சுவதைச் சின்னவள் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டாள். பதில் நாக்கு நுனி வரை வந்தது. அச்சில் ஏறக்கூடிய பதில் அல்ல அது.

அதற்குள் வாசல் மணி அடித்தது.

வந்த வரி அதிகாரியம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கைப்பையை நாற்காலியில் வைத்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், நேராக விஷயத்துக்கு வந்தார். இந்த வீட்டுக்கு இரண்டு விண்ணப்பம் வந்திருக்கிறது, ஒன்று நீங்கள் போட்டது, ஒன்று இந்த அம்மா போட்டது என்றார்.

பெரியவன் தங்கையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் எரிந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அவன் உடனே அதிகாரியின் பக்கம் திரும்பிச் சிரித்தான். “அவ சின்னப் பொண்ணு மேடம். விவரம் தெரியாம எதையாவது எழுதிப் போட்டிருப்பா.”

நாற்பதைத் தாண்டிய சின்னப் பொண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரியம்மாள் வீட்டைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். பெரியவன் பக்கத்திலேயே போனான். பழக்கம் விடுமா? இந்த அறைக்கு நல்ல காற்றோட்டம், இந்தச் சன்னலில் காலை வெளிச்சம் என்று விலை பேச வந்தவர்களிடம் சொல்வதையெல்லாம் வரி விதிக்க வந்தவரிடம் ஒப்பித்தான். சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று அதிகாரி கேட்டார். சின்னவள் சமையலறைக்குப் போய், எப்போதும் கண்ணை மூடிக்கொண்டே தம்ளர் எடுக்கும் அலமாரித் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். அங்கே ஒரு பூச்சாடி இருந்தது. கீழ் அலமாரியைத் திறந்தாள், காலி. மேல் அலமாரியில் ஒரே அளவில் எட்டு வெள்ளைத் தட்டுகள், அவ்வளவுதான். எல்லாவற்றையும் இடம் மாற்றியவன் பின்னாலேயே வந்து தேடினான். அவனுக்கும் கிடைக்கவில்லை. அடுக்கியது அவனுடைய ஆட்கள்.

சமையலறை வாசற்படியில் நின்று அதிகாரியம்மாள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். குடியிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்ட இரண்டு பேர், தங்கள் வீட்டில் ஒரு தம்ளரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சின்னவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கடைசியில் தன் கைப்பைப் பாட்டிலில் மிச்சமிருந்த ஒரு வாய்த் தண்ணீரையே எடுத்துக் குடித்துவிட்டு, அவர் முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார்.

“நான் பார்த்த வரைக்கும் இங்க யாருமே குடியிருக்கிற மாதிரி தெரியலை. காயப் போட்ட துணி ஒண்ணு இல்லை, குப்பைக் கூடையில ஒரு காகிதம் இல்லை. யாரும் இல்லைன்னா ரெண்டு விண்ணப்பத்தையும் தள்ளிடுவேன். ஆள் இல்லாத வீடுன்னு பதிஞ்சுடுவேன்.”

சின்னவள் அந்த வார்த்தையை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். ஆள் இல்லாத வீடு. இத்தனை வருடம் அவள் எழுந்து, சமைத்து, சலித்து, காய்ச்சலில் கிடந்து, ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்து கொடுத்த வீடு. அண்ணன் தன்னைக் குடிவைக்கத் தெரியாமல் அவளையும் சேர்த்துக் காலி செய்துவிட்டான். அவளை வெளியேற்ற அவனுக்குக் காகிதம்கூட வேண்டியிருக்கவில்லை. இரண்டு கூலியாட்களும் ஒரு வண்டியும் போதுமாக இருந்தது.

ஆத்திரத்தில் தலையைக் குனிந்தவள் கண்ணில் கம்பளம் பட்டது. இவன் ஏன் இங்கே மட்டும் கம்பளத்தை விரித்தான்? மற்ற அறைகளில் வெறும் தரைதானே இருக்கிறது?

அவள் கண்ணாடி மேஜையைப் பிடித்து ஒரே இழுப்பாக ஓரம் தள்ளினாள். ஆப்பிள்கள் உருண்டன. கம்பளத்தின் முனையைப் பிடித்துச் சுருட்டினாள்.

கீழே தரை வெளுத்துக் கிடந்தது. அச்சு எடுக்கிற பிளாஸ்டர் மாவு, வருடக்கணக்காகக் கொட்டி, மிதித்து, ஈரம் பட்டுத் தரையோடு தரையாக இறுகியிருந்தது. அவளுடைய வேலை மேஜையின் கால்கள் நின்ற நான்கு இடத்தில் மட்டும் தரையின் அசல் நிறம். நாற்காலி பின்னால் போய் வந்த இடத்தில் இரண்டு தடம், விரலை வைத்தால் பள்ளம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அண்ணனின் ஆட்கள் கழுவிப் பார்த்திருக்கிறார்கள். போகவில்லை. அதனால் மூடிவிட்டார்கள்.

“இங்கதான் மேடம் நான் இருக்கேன், இங்க உட்கார்ந்துதான் வேலை செய்வேன். இதை ஒரு நாள்ல வர வைக்க முடியாது, ஒரு நாள்ல போக வைக்கவும் முடியாது.”

அதிகாரியம்மாள் எழுந்து வந்து குனிந்தார். நாற்காலித் தடத்தைத் தொட்டுப் பார்த்தார். கையில் ஒட்டிய மாவைப் பார்த்தார். பிறகு சின்னவள் கையைப் பார்த்தார். அவள் நகக்கண்ணிலும் அதே வெள்ளை இருந்தது. அவர் அவளுடைய விண்ணப்பத்தை எடுத்து அதன் மேல் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“உங்க பாதிக்குச் சரிம்மா” என்றார்.

சின்னவளுக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. அண்ணன் முன்னால் அழக் கூடாது என்று உதட்டை மடித்துக்கொண்டாள்.

அதோடு அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதையே வேறு. ஷோரூம் மூடுமா? அப்படியானால் என் பாதி என்ன ஆவது என்று கேட்டான். அவள் முன்னறையில் இருக்கட்டும், நான் படுக்கையறையில் இருக்கிறேன், ஒரே குடும்பம்தானே என்று சிரித்தான். தான் ஒருவன் மட்டுமே குடியிருப்பதாக எழுதிய கை அது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஊரில் இருந்து வந்த விருந்தாளியாக இருந்தவள் இப்போது ஒரே குடும்பம் ஆகிவிட்டாள்.

அதிகாரியம்மாள் அடுத்த காகிதத்தை எடுத்தார். உங்கள் மனைவி பேரில் ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது, அதற்கும் இதே விலக்கு வாங்கியிருக்கிறீர்கள், கணவனும் மனைவியுமாக அங்கேதான் குடியிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள் என்று படித்தார். ஒரு மனிதர் இரண்டு வீட்டில் குடியிருக்க முடியாது. அந்த விலக்கை ரத்து செய்யட்டுமா, இதைத் தள்ளட்டுமா என்று கேட்டார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பெரியவன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வீட்டை விட்டுக்கொடுக்க மனம் வருமா? ஒன்றை விட்டால் போதும், அவன் பாட்டுக்கு எழுந்து போகலாம். ஆனால் அவனுக்கு இரண்டும் வேண்டும். அவன் மூளை ஓடுவது வெளியில் இருந்தே தெரிந்தது. வாங்க வந்தவர் பின்வாங்கும்போது வருகிற அதே பளபளப்பு கண்ணில் வந்தது.

“வெளியில சொல்ல வேண்டாம்னு பார்த்தேன் மேடம்” என்று ஆரம்பித்தான். குரலில் சோகம் ஒழுகியது. “நானும் இவங்களும் இப்ப ஒண்ணா இல்லை. பிரிஞ்சு இருக்கோம். அவங்க அங்க, நான் இங்க.”

சின்னவளுக்கு அருவருப்பாக இருந்தது. வரி விலக்குக்காகப் பெண்டாட்டியை நட்டாற்றில் விட்டுவிடுகிறவனை அன்றுதான் பார்க்கிறாள். அண்ணியைப் பார்த்தாள். இதற்கும் தலையாட்டப் போகிறாள், ஆட்டட்டும் என்று நினைத்தாள்.

பிரிந்து வாழ்கிறவர்களுக்கு ஆளுக்கொரு வீடு செல்லும், ஆனால் இரண்டு பேரும் என் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அதிகாரி. பிறகு அண்ணியிடம் கேட்டார். “உண்மைதானாம்மா?”

அண்ணி ஓரத்தில் இருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். பிறகு தலையை ஆட்டாமல், வாயைத் திறந்து, “ஆமா” என்றாள்.

“எப்ப இருந்து?”

“இன்னைக்குத் தேதி போட்டுக்குங்க.”

பெரியவன் முகம் மலர்ந்துவிட்டது. இன்றைக்குத் தேதி போட்டால், அடுக்குமாடி வீட்டுக்கு எழுதிக் கொடுத்தது பொய்யாகாது, பழைய விலக்குக்கு அபராதமும் வராது. இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அவன் பெண்டாட்டியைப் பெருமையோடு பார்த்தான். தங்கையைப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்டினான். பேனாவை வாங்கி, மளமளவென்று எழுதி, தன் பேருக்குக் கீழே இரண்டு கோடும் இழுத்தான்.

அண்ணி கையெழுத்துப் போட்டதைச் சின்னவள் பார்த்தாள். அவசரம் இல்லை. எழுதியதை ஒரு முறை படித்தாள், தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல் மறுபடியும் வருவேன், அப்போது இரண்டு வீட்டிலும் எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரியம்மாள் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் பெரியவன் வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். நீ பெரிய ஆள்தான், எனக்கு எதிராகவே விண்ணப்பம் போட்டுவிட்டாய், இருக்கட்டும், உன்னிடம் அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, போகலாமா என்று பெண்டாட்டியைத் தேடித் திரும்பினான்.

அண்ணி ஏற்கெனவே காருக்குள், ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவன் போய் மறுபக்கக் கதவைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. கண்ணாடியைத் தட்டினான். அண்ணி கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள். “உங்க வீடு இதுதானே.”

அவன் சிரித்தான். விளையாடாதே, அந்த அம்மாள் போய்விட்டாள் என்றான்.

“நான் பொய் எழுதித் தரலைங்க. நீங்க எழுதினது நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. நான் எழுதினது நிஜம். ரொம்ப நாளா எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். இன்னைக்கு நீங்களே சொல்லிட்டீங்க.”

சின்னவள் பக்கம் திரும்பி, “உன் சாமான் எல்லாத்தையும் நானே அனுப்பி வைக்கிறேன். பல்லு ஒண்ணுகூட உடையாது” என்றாள். கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

இத்தனை வருடமாக அண்ணியைப் பொம்மை என்று நினைத்துக்கொண்டிருந்ததற்குச் சின்னவளுக்கு முதல் முறையாகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை. வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய பாதி வீடு, அவனே சத்தியம் செய்து குடியேறிய வீடு. அவளால் போ என்று சொல்ல முடியாது. வா என்று சொல்லவும் மனமில்லை.

அவன் போனை எடுத்து அடித்துப் பார்த்தான். மறுபடி அடித்தான். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் போல் படியேறி வந்தான்.

“ரெண்டு நாள்தான். அவ கோபம் தணிஞ்சதும் தானே கூப்பிடுவா.”

சின்னவள் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு அப்படித் தெரியலை அண்ணா” என்றாள். “அண்ணி கோபமாவே இல்லையே.”

அவன் அதற்குப் பிறகு படியில் இருந்து காலை எடுத்து வைக்கவில்லை. அவளும் கதவில் இருந்து கையை எடுக்கவில்லை.